பண்டாரியின் மூக்கு

ஜூன் 11, பாகியா பிளாங்கா, அர்ஜென்டினா

இந்த டைரி ஜெசிந்தா வாங்கிக் கொடுத்தது. "போன்ல கேட்டா நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், வைக்கட்டுமாங்கிறீங்க. எழுதியாவது வைங்க. வந்ததும் உக்காந்து படிக்கேன்" என்றாள். இத்தனை மாதமும் பெட்டிக்கு அடியில் வெறுமையாகக் கிடந்தது. இன்றைக்குத்தான் பேனா எடுக்க நேரம் வாய்த்தது. எடுத்தவுடன் சொல்லிவிடுகிறேன் ஜெசிந்தா: நல்லா இருக்கேன், சாப்பிட்டேன்.

கப்பலின் பெயர் வேணுநாதம். பெயரைக் கேட்டால் புல்லாங்குழல் வாசிக்கும் என்று தோன்றும். இன்ஜின் போடுகிற கூச்சலில் பக்கத்தில் இருப்பவன் தும்முவதுகூடக் கேட்காது. ஐந்து கிடங்கும் நிறையக் கோதுமை ஏற்றியாகிவிட்டது. சிட்டகாங் போகிறோம். கப்பலில் இருக்கும் அத்தனை பேருக்கும் பொங்கிப் போடும் பண்டாரி நான். கூடமாட ஒத்தாசைக்கு மெஸ்மேன் சதக்கத்துல்லா. கீழக்கரைக்காரன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். வெங்காயம் உரித்துக்கொண்டே மாமனார் வீட்டுக் கதையை ஆரம்பித்தானென்றால் மூட்டை காலியானாலும் கதை முடியாது.

இன்று முகமூடி போட்டவர்கள் வந்து கிடங்குகளில் பூச்சி மருந்து வில்லைகளைப் புதைத்துவிட்டு மூடிகளை இறுக்கிவிட்டுப் போனார்கள். அதன்பின் சீஃப் ஆபீசர் மேதா மேடம் எங்களையெல்லாம் மெஸ்ஸில் உட்காரவைத்துப் பேசினார். சென்னைக்காரர். சின்ன உருவம், பெரிய குரல்.

"வில்லை கரையக் கரைய வாயு வரும். அதுல பூச்சி சாகும். உள்ள கசிஞ்சா நாமளும் சாவோம். பூண்டு வாசனை அடிக்கும், இல்லேன்னா அழுகின மீன் வாசனை. அப்படி எதாவது தெரிஞ்சா என்னைத் தூக்கத்துல இருந்தாலும் எழுப்பணும்" என்றார்.

ஃபிட்டர் தவசிமுத்து, நாகர்கோவில் ஆள், உடனே வாயைத் திறந்தார். "மேடம், அப்பம் நம்ம பண்டாரி தெனமும் அடுப்படியில மருந்துதான் போடுதாருன்னு சொல்லுங்க." மெஸ்ஸே சிரித்தது. மேடமும் சிரித்துவிட்டு, "அவர் மூக்கு இருக்கிற வரைக்கும் எனக்குக் கவலை இல்ல" என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. படகில் வருகிற மீன் நேற்றையதா இன்றையதா என்று மேல்தளத்தில் நின்றே சொல்லிவிடுவேன் என்பது இந்தக் கம்பெனிக் கப்பல்கள் எல்லாவற்றிலும் தெரிந்த கதை.

ஜூன் 15, கடல்

ஆட்டம் ஆரம்பித்துவிட்டது. இங்கே இப்போது குளிர்காலம். தென் அட்லாண்டிக் எங்களைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. அடுப்பைச் சுற்றி இரும்புக் கம்பி வைத்துப் பாத்திரத்தைப் பிடித்திருந்தும் இன்றைய சாம்பாரில் பாதியைச் சுவர் குடித்தது. இந்த ஆட்டத்தில் கேப்டனுக்கு ஆலு பரோட்டா வேண்டுமாம். அமிர்தசரஸ் வயிறு, அதற்குக் கடல் தெரியாது. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் மாவு தேய்த்தேன். வட்டமாக வரவில்லை. ஆப்பிரிக்கா படம் மாதிரி வந்தது. போகிற திசைதானே என்று சதக்கு சமாதானம் சொன்னான்.

ஜூன் 17

ஒன்றும் பெரிதாக இல்லை. குளிரறையில் கோழிப் பெட்டி எடுக்கப் போனேன். கதவைக் கொக்கியில் மாட்டிவிட்டு உள்ளே போக வேண்டும், அது சட்டம். இரண்டு கையிலும் பெட்டி இருந்ததால் பிறகு மாட்டலாம் என்று விட்டேன். கப்பல் ஒரு பக்கம் சாய, இரும்புக் கதவு வந்து பெட்டியோடு என்னைத் தள்ளியது. மல்லாக்க விழுந்து பின்மண்டை வாசல்படியில் இடித்தது. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். சதக்கு, நான் உட்கார்ந்திருக்கவில்லை, கண்ணை மூடிக் கிடந்தேன், கூப்பிட்டால் பதில் இல்லை என்கிறான். அவன் எதையும் பெரிதாகத்தான் சொல்லுவான்.

"அண்ணே, ரெத்தம் வருது. வாங்க, செகண்ட் ஆபீசர்ட்டதான மருந்துப் பெட்டி இருக்கு, காட்டுவோம்."

"காட்டுனா ரிப்போர்ட் எழுதுவான். எழுதுனா கேப்டவுன்ல இறக்கி வீட்டுக்கு அனுப்பிருவானுவ. நீ பஞ்ச எடு."

போன கப்பலில் ஏணியில் வழுக்கிய மோட்டார்மேன் ஒருவன் யோக்கியனாகப் போய்ச் சொன்னான். அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிட்டார்கள். அதன்பிறகு அவனை எந்தக் கப்பலும் கூப்பிடவில்லை. எனக்குக் கரண்டியைத் தவிர வேறொன்றும் பிடிக்கத் தெரியாது. அதனால் பஞ்சு, மஞ்சள், மேலே குரங்குக் குல்லா. ஏன் குல்லா என்று கேட்டவர்களுக்குக் குளிர் என்றேன். அடுப்படியில் குளிரா என்று தவசி கேட்டார். அவருக்கு மட்டும் ஒரு அப்பளம் குறைத்து வைத்தேன்.

ஜூன் 18

சளி பிடித்திருக்கிறது. காலையில் இஞ்சி டீ போட்டேன், வெந்நீர் குடித்த மாதிரி இருந்தது.

ஜூன் 20

ஞாயிறு பிரியாணி. பட்டை கிராம்பு எண்ணெயில் விழுந்தால் வரும் மணம் வரவில்லை. சரி, மூக்கு இல்லாவிட்டால் என்ன, காது இருக்கிறதே என்று காதால் சமைத்தேன். எண்ணெய் சடசடவென்றால் ஈரம் இருக்கிறது, சத்தம் அடங்கினால் வெந்துவிட்டது. மசாலா நிறத்தைக் கண் பார்த்துக்கொள்ளும். உப்புக்குச் சதக்கின் நாக்கு. எல்லாம் நன்றாகத்தான் போனது. வெங்காயத்தை மட்டும் அடுப்பில் வைத்துவிட்டுத் தயிர் கடையத் திரும்பியிருக்கிறேன். புகை கண்ணில் பட்டபிறகுதான் திரும்பினேன். முன்பெல்லாம் வெங்காயம் கருகுவதற்கு முன்னாலேயே அது கருக நினைப்பது எனக்குத் தெரிந்துவிடும்.

"பிரியாணி ஏன் ஓய் கறுத்துப் போச்சு?" என்றார் தவசி.

"ஐதராபாத்துல இப்பிடித்தான் வைப்பான். உமக்கு எங்க தெரியப் போவுது."

இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தார்.

ஜூன் 21

சளி விடவில்லை.

மூக்கு ஒழுகாமல், தும்மல் இல்லாமல் இது என்ன சளி என்று சதக்கு கேட்கிறான். வாயை மூடிக்கொண்டு பருப்பைக் கழுவச் சொன்னேன். ஜெசிந்தா, நீ இதைப் படிக்கும்போது எல்லாம் சரியாகியிருக்கும். அதனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே.

ஜூன் 23

நேற்றும் இன்றும் அலை கிடங்கு மூடிகளுக்கு மேலே ஏறி வந்து விழுகிறது. ஒவ்வொரு அடிக்கும் கப்பல் முழுவதும் தகரப்பெட்டி மாதிரி அதிர்கிறது. யாருக்கும் தூக்கம் இல்லை. மேதா மேடம் கண்ணெல்லாம் சிவந்து திரிகிறார். இந்த நேரத்தில் வாய்க்கு ருசியாக இருக்கட்டும் என்று மதியம் பூண்டுக் குழம்பு வைத்தேன்.

சாப்பாடு முடிந்ததும் தவசி சொன்னார், "பண்டாரி, கீழ்த்தளம் பூரா உம்ம பூண்டுதான் மணக்கு. என் ரூம்ல துணி கூட நாறுது கேட்டீரா." அவர் அறையும் சதக்கின் அறையும் கீழ்த்தளத்தில் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. அந்தச் சுவருக்கு அப்பால் ஐந்தாம் கிடங்கு.

பக்கத்து மேசையில் மேடம் டீயை வைத்துவிட்டு எழுந்தார். "பண்டாரி, ஒரு நிமிஷம் என்கூட வாங்க."

இருவரும் கீழே போனோம். சதக்கின் அறை வாசலில் நின்றார். வாயு இருக்கிறதா என்று பார்க்கக் கண்ணாடிக் குழாய்கள் உண்டு. ஒன்றை உடைத்தால் ஒருமுறைதான், பிறகு குப்பை. புயலால் பயணம் நீண்டுகொண்டே போகிறது, குழாய் சிக்கனம். "காலையில மேல் வராந்தாவுல பார்த்தேன், ஒண்ணும் காட்டல. இங்க எனக்கு வித்தியாசம் தெரியல. நீங்க சமைக்கிறவர், உங்களுக்குத் தெரியும். இது உங்க பூண்டா, வேறயா?"

நான் கண்ணை மூடி நன்றாக இழுத்துப் பார்த்தேன். வழக்கம்போலத்தான் இருந்தது.

"நம்ம பூண்டுதான் மேடம். நல்லெண்ணெயில லேசா கருகுன பூண்டு. சதக்கு துணியோட எறங்கி வந்திருக்கும்."

"நிச்சயமா?"

"இதுகூடத் தெரியலன்னா நான் எதுக்குப் பண்டாரின்னு திரியணும்?"

அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. தூங்கப் போனார். நானும் போய்ப் பாத்திரம் கழுவினேன். இன்று ரொம்பக் கழுவினேன், தேவைக்கு அதிகமாகவே.

ஜூன் 24

இன்றைக்குப் பூண்டே போடவில்லை. கோழி வறுவல், பருப்பு. தவசி மறுபடியும் பூண்டு நாற்றம் என்கிறார். பூண்டுக் குழம்பு வாசனை இரண்டு நாள் நிற்கும் என்றேன். நிற்கத்தான் செய்யும். கீழே போய்ப் பார்க்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அப்புறம் கோழி வெட்ட வேண்டியிருந்தது.

சதக்கு தலைவலி என்றான். கடல் ஆட்டத்துக்கு யாருக்குத்தான் வலிக்கவில்லை. எலுமிச்சை பிழிந்து கொடுத்து சீக்கிரம் படுக்க அனுப்பினேன்.

ஜூன் 25

இப்போது சாயங்காலம். நாங்கள் எல்லோரும் மேல்தளத்தில், திறந்த வெளியில், போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். டைரி என் கோட்டுப் பையில் இருந்ததால் தப்பித்தது.

காலையில் சதக்கு வேலைக்கு வரவில்லை. நன்றாகத் திட்ட வேண்டும் என்று மனசுக்குள் வசனம் தயார் செய்துகொண்டு இறங்கிப் போனேன். வாஷ்பேசினுக்கு அடியில் சுருண்டு கிடந்தான். சட்டையெல்லாம் வாந்தி. மூச்சு, ஓடி வந்தவன் மூச்சு மாதிரி இருந்தது. "அண்ணே, நெஞ்சுல ஏதோ ஒக்காந்திருக்கு" என்றான். பக்கத்து அறையில் தவசி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த மனிதர் என்னைக் கேலி செய்யாமல் பார்த்தது இதுதான் முதல் தடவை.

செகண்ட் ஆபீசர் மருந்துப் பெட்டியோடு வந்தார். நாடி பார்த்தார், வயிற்றை அமுக்கினார், "சாப்பாடு ஒத்துக்கல" என்றார். படுக்கவைத்து, உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். நாங்களும் அவனைத் தூக்கி அவன் கட்டிலிலேயே கிடத்தினோம். குளிர் பட்டுவிடக் கூடாது என்று கதவையும் சாத்தினேன். கதவைச் சாத்தியது நான்தான் ஜெசிந்தா.

கேப்டன் மெஸ்ஸுக்கு வந்தார். மேடமும் இருந்தார். நேற்றைய கோழி எப்போது குளிரறையிலிருந்து எடுத்தது, கெட்டுப்போனதா, முகர்ந்து பார்த்தாயா என்று இந்தியில் கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் என் சாப்பாட்டில் ஒருத்தன் வயிறு கலங்கியதில்லை.

"என் கோழிய எல்லாரும்தான் தின்னாங்க. நீங்க மூணு துண்டு கேட்டு வாங்குனீங்க. உங்களுக்கு ஒண்ணும் இல்ல, மேடத்துக்கு ஒண்ணும் இல்ல. கீழ படுக்குற ரெண்டு பேருக்கு மட்டும் எப்பிடி ஒத்துக்காமப் போவும்?" என்று கத்தினேன்.

கத்தி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. கீழே படுக்கிற இரண்டு பேர். மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் ஏதோ தட்டியிருக்க வேண்டும், ஆனால் அவருக்கு நான் கொடுத்த பதில் குறுக்கே நின்றது. நல்லெண்ணெயில் லேசாகக் கருகின பூண்டு என்று அவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருந்தேனே.

"மேடம், அன்னைக்கு நான் சொன்னது பொய்" என்றேன். "எனக்கு வாசனை தெரியாது."

"என்ன?"

"மண்டையில அடிபட்டதுல இருந்து எதுவும் தெரியல. டீ தெரியல, மீன் தெரியல. அன்னைக்குக் கீழ என்ன நாத்தம் அடிச்சதுன்னு எனக்குச் சத்தியமாத் தெரியாது. நேத்து நான் பூண்டு தொடவே இல்ல."

குல்லாவைக் கழற்றித் திரும்பிக் காட்டினேன். மேடம் ஓடினார். ஓடிக்கொண்டே, "எல்லாரையும் வெளிய ஏத்துங்க" என்று கேப்டனிடம் சொல்லிவிட்டுப் போனார். மூச்சுக் கருவி மாட்டிக்கொண்டு கீழே இறங்கி அவர் உடைத்த குழாய் நொடியில் நிறம் மாறிவிட்டதாம். அதற்குள் மணி அலறத் தொடங்கியிருந்தது.

சதக்கைத் தூக்க மேடத்தோடு இன்னொருவர் வேண்டும், மாஸ்க் மாட்டிக்கொண்டு. "நான்" என்றேன். "உங்க தலைல காயம்" என்றார். "காயம் தலையிலதான், தோள்ல இல்ல" என்றேன். வாதாட நேரம் இல்லை, விட்டுவிட்டார். இரண்டு தளம் ஏணியில் அவனை என் தோளில் சாய்த்து ஏற்றினோம். அவன் வாய் என் காதுக்குப் பக்கத்தில் இருந்தது. இத்தனை மாதம் கதையை நிறுத்து நிறுத்து என்று அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏதாவது பேசுடா என்று கெஞ்சிக்கொண்டே ஏறினேன்.

மேலே காற்று பட்டதும் தவசி தெளிந்துவிட்டார். சதக்கு தெளியவில்லை. ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். கேப்டன் கேப்டவுனை நோக்கி முழு வேகத்தில் விடச் சொல்லியிருக்கிறார்.

ஜூன் 26

சதக்கின் அலமாரிக்குப் பின்னால் பழைய வயர் போகும் இரும்புக் குழாய் ஒன்று, கிடங்குச் சுவரைத் துளைத்து வருகிறது. புயல் அடித்த அடியில் அது விரிசல் விட்டிருக்கிறது. இப்போது அடைத்துவிட்டார்கள். அடுப்படிக்கு இன்னும் யாரும் போகக் கூடாது. பிஸ்கட்டும் டப்பா மீனும்தான்.

மேடம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "குழாயை உடைச்சிருக்கணும் நான். மிச்சம் பிடிச்சேன்" என்றார்.

"நான் சரியாச் சொல்லியிருந்தா உடைச்சிருப்பீங்க."

"ஆமா" என்றார். அந்த "ஆமா"வில் சமாதானம் ஒன்றும் இல்லை. எனக்கும் வேண்டியிருக்கவில்லை.

ஜூன் 27

சதக்கு கண் விழித்தான். தண்ணீர் கேட்டான். நான் அந்தப் பக்கம் போய் நின்று அழுதேன்.

ஜூன் 29, கேப்டவுன்

ஆஸ்பத்திரி. தலையைக் காட்ட என்னையும் சதக்கோடு இறக்கிவிட்டார்கள். அவன் பிழைத்துக்கொண்டான். நுரையீரல் தேற நாளாகும், ஆனால் தேறும் என்கிறார்கள். அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மேடத்தை வாசலில் நிறுத்திவைத்து நான் நடத்திய நாடகத்தையும் சொன்னேன். அவன் மாஸ்க்கை ஒதுக்கிவிட்டுச் சொன்னான்:

"அந்த மணம் எனக்கு ரெண்டு நாளா அடிச்சுச்சுண்ணே. மொத ராத்திரியே மேடத்த எழுப்பலாம்னு நெனச்சேன். அப்புறம், அண்ணன் மோந்து பாத்துச் சொன்னாகளே, அவுகளுக்குத் தெரியாதான்னு படுத்துட்டேன்."

"என் மூக்கு செத்துப் போச்சுன்னு உனக்குத்தான் தெரியுமேலே. சளின்னு நான் சொன்னப்பவே நீ நம்பலியே."

"நம்பல. ஆனா மேடத்துக்கிட்டயே சொன்னீகல்ல. அப்ப சரியாயிருச்சு போலன்னு சந்தோசப்பட்டேன்."

போர்வையை இழுத்துவிட்டேன். பிறகு அவன் மாமனார் வீட்டுக் கதை ஒன்றை ஆரம்பித்தான். நர்ஸ் வந்து பேசக் கூடாது என்று சொல்லும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூன் 30, கேப்டவுன்

கப்பல் நாளைக் கழித்துக் கிளம்புகிறது. கேப்டன் போனில் பேசினார். எனக்குப் பதிலாக மேல்தளத்தில் கயிறு இழுக்கிற ஆள் ஒருவன் சமைக்கிறானாம், அவன் செய்த ரொட்டியை மீன்கூடத் தின்னாது என்றார். நடந்தது நடந்துவிட்டது, டாக்டர் உன் மூக்கு சரியென்று எழுதிக் கொடுத்தால் வந்து ஏறிக்கொள் என்றார். பெரிய மனசுதான். கம்பெனி ஏஜென்ட் டாக்டர் அறைவரை கூடவே வந்தான். நல்ல பையன். "பார்த்துச் சொல்லுங்க" என்று ஆங்கிலத்தில் என் காதோரம் சொல்லிவிட்டு வெளியே நின்றான்.

டாக்டர் வயதானவர். தலையைப் படம் எடுத்திருந்ததைக் காட்டினார். ரத்தக்கட்டு ஒன்றும் இல்லை, அடியில் மூக்கு நரம்பு அறுந்திருக்கலாம், திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார். பிறகு சின்னக் கண்ணாடிக் குப்பிகளை வரிசையாக எடுத்துவைத்தார். கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொன்றாக மூக்குக்குக் கீழே பிடித்தார்.

முதல் மூன்றுக்கும் ஒன்றுமில்லை என்றேன். நான்காவதைப் பிடித்தபோது, வேண்டுமென்று இல்லை, இமை லேசாகத் திறந்துவிட்டது. குப்பிக்குள் பழுப்பாக, பொடியாக இருந்தது. அரைத்த காபி. அந்த நிறத்தை நான் தூக்கத்தில் பார்த்தாலும் சொல்லிவிடுவேன். சொன்னால் போதும் என்று தோன்றியது. ஒன்றாவது தெரிகிறது, தேறி வருகிறான் என்று எழுதுவார். நாளைக் கழித்து என் அடுப்படி, என் கரண்டி. தவசி வந்து ஏதாவது குறை சொல்லுவார். இல்லையென்றால் தூத்துக்குடியில், ஜெசிந்தா, உன் முன்னால் வேலையில்லாதவனாக வந்து நிற்க வேண்டும். இந்த வயசில் புதிதாக என்ன கற்றுக்கொள்வேன் என்று எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

"எதாவது தெரியுதா?" என்று டாக்டர் கேட்டார்.

கண்ணை நன்றாகவே திறந்தேன்.

"கண்ணுக்குக் காபி, டாக்டர். மூக்குக்கு ஒண்ணும் இல்ல."